படித்தால் புரிகிறது, கேட்டால் நழுவுகிறது

ஆங்கிலக் கதைகளை ஒலிப்பதிவாகக் கேட்டு மொழி பழகுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: ஆங்கில நாளிதழைத் தடையில்லாமல் படிப்பேன். அதைவிட எளிய கதையை யாராவது வாசித்துக் கேட்டால் பாதி நழுவிவிடுகிறது. காதில் கோளாறா, பயிற்சியில் கோளாறா?

பதில்: காது நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் ஆங்கிலத்தைக் கண்ணால் கற்றவர், அவ்வளவுதான். தாளில் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னும் பின்னும் வெள்ளை இடம் உண்டு. பேச்சில் அந்த இடம் கிடையாது. 'டெல் ஹிம்' என்று நீங்கள் படித்தது காதில் 'டெல்லிம்' என்று விழும். 'லாஸ்ட் நைட்' நடுவிலுள்ள 'ட்' ஒலியைத் தொலைத்துவிட்டு 'லாஸ்நைட்' ஆகும். 'ஷுட் ஹேவ்' சுருங்கி 'ஷுடவ்' ஆகும். 'பிரெட் அண்ட் பட்டர்' என்பதில் 'அண்ட்' வெறும் 'ன்'. வாசிப்பவர் சோம்பலில் விழுங்குகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். மிகத் தெளிவாக வாசிப்பவரும் இப்படித்தான் வாசிப்பார்.

பள்ளியில் புணர்ச்சி விதி படித்தது நினைவிருந்தால் பாதி வேலை முடிந்தது. மெய்யின்மேல் உயிர் வந்து ஏறும் என்று படித்தோமே, ஆங்கிலப் பேச்சிலும் அதேதான்: 'அன் ஆப்பிள்' சேர்ந்து 'அனாப்பிள்'. குற்றியலுகரத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். 'காடு' என்பதில் கடைசி உகரம் அரை மாத்திரையாகக் குறுகுகிறது அல்லவா? ஆங்கிலத்தில் அழுத்தம் பெறாத உயிர்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கதிதான். எழுத்தில் ஏ, ஓ, ஈ என்று எது இருந்தாலும், அழுத்தம் இல்லையென்றால் பெரும்பாலும் ஒரே மாதிரியான மங்கிய அகர ஒலியாகக் கரைந்துவிடும்.

தமிழில் குறில் குறிலாகவும் நெடில் நெடிலாகவும் ஏறக்குறைய தன் அளவைக் காப்பாற்றிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அழுத்தம் பெற்ற அசைதான் எஜமான். மற்றவை அதற்கு இடம்விட்டு ஒடுங்கும். 'பாய்ஸ் ரீட் புக்ஸ்' என்று சொல்லிப் பாருங்கள். பிறகு 'த பாய்ஸ் வில் ஹேவ் ரெட் த புக்ஸ்'. மூன்று சொல் ஏழாகிவிட்டது. ஆனால் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் வாயில் நேரம் இரட்டிப்பாகாது, கொஞ்சம்தான் கூடும். அந்த நாலு கூடுதல் சொற்களும் எங்கே போயின என்று தேடுவதுதான் உங்கள் காதுக்கான பயிற்சி. கதை கேட்பது அதற்கு நல்ல களம். வாசிப்பவர் சொல்லை மாற்றமாட்டார், ஒப்பிட்டுப் பார்க்க உரையும் கையில் இருக்கும்.

கேள்வி: உரையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கலாமா? அப்படிக் கேட்டால் எல்லாம் புரிகிறதே.

பதில்: அந்தப் 'புரிகிறதே'தான் ஏமாற்று. கண் முன்னால் ஓடிவிடுகிறது, காது பின்னால் வந்து தலையாட்டுகிறது. உரை வேண்டும், ஆனால் அதன் முறை வரும்போது மட்டும். கீழே உள்ள வரிசையில் செய்து பாருங்கள்.

இரண்டு மூன்று நிமிடப் பகுதி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கதை ஒலிநூல்கள் பொதுவாக நிமிடத்துக்கு 150, 160 சொல் வேகத்தில் போகும். ஆக உங்கள் பகுதியில் 300 முதல் 480 சொற்கள் இருக்கும். அதற்கு மேல் எடுத்தால் கடைசியில் களைத்துப்போய் அரைகுறையாகக் கேட்பீர்கள்.

முதல் முறை உரை மூடியிருக்கட்டும். நிறுத்தாமல் கடைசிவரை கேளுங்கள். முடிந்ததும் யார், எங்கே, என்ன நடந்தது என்பதைத் தமிழில் இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். அதுகூட வரவில்லையென்றால் பகுதி உங்களுக்குக் கடினம். வேறு எடுங்கள், பிடிவாதம் வேண்டாம்.

இரண்டாம் முறையும் நிறுத்தாமல்தான். இப்போது கையில் பேனா. கூழாகக் கேட்ட இடங்களின் நேரத்தை மட்டும் குறியுங்கள்: 0:42, 1:15, 2:03 என்று.

மூன்றாம் முறை அந்த இடங்களுக்கு மட்டும் போங்கள். ஐந்து முதல் பத்து விநாடித் துண்டாகத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். விஎல்சி போன்ற, ஒலிப்பதிவை ஓடவிடும் செயலிகளில் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிவரை சுழலவிடும் வசதி உண்டு. கேட்டதை எழுதுங்கள், தமிழ் எழுத்திலாவது எழுதுங்கள். அர்த்தமில்லாமல் 'வாடியாவ்' என்று எழுதினாலும் பரவாயில்லை. ஒரு துண்டுக்கு ஐந்து தடவை போதும். ஆறாவது தடவை காது புதிதாக எதையும் தராது, கற்பனைதான் தரும்.

நான்காவதாக உரையைத் திறந்து, நீங்கள் எழுதியதோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு குறி போடுங்கள். சொல்லே தெரியாது என்றால் 'பு', அதாவது புதுச்சொல். தெரிந்த சொல்தான், ஆனால் காதில் அடையாளம் தெரியவில்லை என்றால் 'கா'. சொற்கள் எல்லாம் கேட்டன, ஆனால் வாக்கியம் முடிவதற்குள் தொடக்கம் மறந்துவிட்டது என்றால் 'நீ', அதாவது நீளம்.

கடைசியாக உரையை மூடிவிட்டு முழுவதையும் ஒரு முறை கேளுங்கள். மறுநாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை. முதல் நாள் வேலைக்கு மொத்தம் அரை மணி ஆகும்.

பலரும் நான்காவது படியில் 'ஓ, இதுதானா' என்று சொல்லிவிட்டுக் குறி போடாமல் போய்விடுகிறார்கள். பிறகு எல்லாக் குறைக்கும் 'சொல்வளம் போதாது' என்று ஒரே மருந்தைத் தேடுகிறார்கள். எதற்கு எது மருந்து என்பது குறியைப் பார்த்தால்தான் தெரியும். 'பு' மிகுந்தால் கதையை எளிதாக்குங்கள். 'கா' மிகுந்தால் கதை சரி. அந்தத் துண்டுகளை வாய்விட்டு அப்படியே சொல்லிப் பழகுங்கள். வாய்க்குப் பழகிய சுருக்கம் காதுக்கும் தெரிய ஆரம்பிக்கும். 'நீ' மிகுந்தால் குறுகிய வாக்கியங்களும் உரையாடலும் நிறைந்த கதைக்கு மாறுங்கள். கேட்கும்போதே மனத்துக்குள் மொழிபெயர்க்கும் பழக்கமும் 'நீ' குறியை வளர்க்கும். ஆங்கிலத்தில் வினை எழுவாயை ஒட்டியே வந்துவிடும், தமிழில் கடைசியில் வரும். தலைகீழாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கும்போது அடுத்த வாக்கியம் வந்து இடிக்கும்.

கேள்வி: எந்தக் கதையில் தொடங்குவது? குழந்தைகள் கதைதான் எளிது என்கிறார்களே?

பதில்: எளிதாக இருக்கும் என்று எடுத்துப் பலர் சோர்ந்துபோவது அதில்தான். குழந்தைகள் கதையில் எதுகை மோனைக்காக வரும் அபூர்வச் சொற்கள், பிராணிகளின் ஒலிக்குறிப்புகள், தத்துவது, தாவுவது, உருள்வது என்று ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு தனி வினை எல்லாம் கிடக்கும். அந்த மொழிக் குழந்தைக்கு அவை தெரியும். அலுவலக ஆங்கிலம் தெரிந்த பெரியவருக்குத் தெரியாது. பழைய தேவதைக் கதைகளில் இது இன்னும் அதிகம்.

கற்பவர்களுக்கென்றே சொல்லளவு வகுத்து எழுதிய படிநிலைக் கதைகள் இருக்கின்றன. முதல் படிகள் நானூறு சொல்லை ஒட்டியும், மேல் படிகள் 2000, 2500 சொற்கள் வரையும் போகும். பெரும்பாலும் ஒலிப்பதிவோடு கிடைக்கும். படிக்கும்போது நீங்கள் எந்தப் படியில் வசதியாக இருக்கிறீர்களோ, அதற்கு ஒன்றிரண்டு படி கீழே கேட்கத் தொடங்குங்கள். இதில் கௌரவம் பார்ப்பவர்கள்தான் மூன்று வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள்.

வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959-இல் தொடங்கிய 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' ஒலிபரப்பும் இந்த எண்ணத்தில் பிறந்ததே. சுமார் 1500 சொற்களுக்குள் எழுதி, சாதாரண வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் வாசித்தார்கள். செய்திகளோடு சிறுகதைகளும் அதில் உண்டு.

இலவசமாக வேண்டுமென்றால் லிப்ரிவாக்ஸ். காப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்து 2005 முதல் பொதுவில் வைத்துவருகிறார்கள். அவர்கள் வாசிக்கும் நூல்களில் பலவற்றின் உரை, 1971-இல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம் என்னும் இலவச மின்னூல் தொகுப்பில் கிடைக்கும். இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, காப்புரிமை முடிந்தது என்றால் பழைய நூல்; ஒரு வாக்கியமே ஒரு பத்தி நீளம் இருக்கலாம். தொடக்கத்தில் நாவலைத் தொடவேண்டாம், நாலைந்து நிமிட நீதிக்கதைகளாகத் தேடுங்கள். இரண்டாவது, ஒரே நூலைப் பலர் பங்குபோட்டு வாசித்திருப்பார்கள். ஓர் அத்தியாயம் ஒருவர் குரல், அடுத்தது வேறொருவர், உச்சரிப்பும் வேறு. தேடும்போதே ஒருவர் மட்டும் வாசித்தவை என்று வடிகட்டிக்கொள்ளலாம். எடுத்ததும் கதை தொடங்காது, ஓர் அறிவிப்பு வரும்; அதைக் கதையென்று நினைத்து விழிக்காதீர்கள்.

எதை எடுத்தாலும் முதலில் உரையில் நூறு சொற்களை எண்ணுங்கள். தெரியாத சொல் ஐந்துக்கு மேல் இருந்தால் வைத்துவிடுங்கள். இரண்டிலிருந்து ஐந்து என்றால் முன்பு சொன்ன அரை மணிப் பயிற்சிக்கு ஏற்றது. ஒன்றோ பூஜ்யமோ என்றால் சும்மா சாய்ந்து கேட்பதற்கு. இரண்டு வகையும் உங்களிடம் இருக்கவேண்டும்.

கேள்வி: வேகத்தைக் குறைத்துக் கேட்டால் தவறா?

பதில்: தவறில்லை, பயன் குறைவு. வேகத்தைக் குறைத்தால் 'டெல்லிம்' என்பது 'டெ...ல்லி...ம்' ஆகுமே தவிர 'டெல் ஹிம்' ஆகாது. சொல்லப்படாத ஒலி எவ்வளவு மெதுவாக ஓடவிட்டாலும் வராது. 0.8 அல்லது 0.9-இல் ஒரு முறை கேட்டு இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு, அதே துண்டை உடனே இயல்பு வேகத்தில் கேட்டு முடியுங்கள். 0.7-க்குக் கீழே குரல் இழுபட்டு மெய்யொலிகள் சிதையத் தொடங்கும்.

உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது பெரும்பாலும் யோசிக்க நேரம். அதற்கு வேகத்தைக் குறைப்பதைவிட வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்துவது நல்லது. வாக்கியம் அதன் இயல்பான வேகத்திலேயே காதில் விழும், மூச்சுவிடும் இடமும் கிடைக்கும்.

கேள்வி: இரவு காதில் மாட்டிக்கொண்டு தூங்கினால் தானாகப் பதியுமா?

பதில்: தூக்கம் கெடும். புதுக் கதை பதியாது.

சமைக்கும்போது, நடக்கும்போது கேட்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். தாராளமாக. ஆனால் ஏற்கெனவே உட்கார்ந்து வேலை செய்து முடித்த பகுதிகளை மட்டும். கவனம் பாதியாக இருக்கும்போது தெரியாத கதை வெறும் இரைச்சல்தான்.

கேள்வி: பிரிட்டிஷ் உச்சரிப்பா, அமெரிக்க உச்சரிப்பா? எதைப் பின்பற்றுவது?

பதில்: யாரோடு பேசப்போகிறீர்களோ அவர்களுடையது. அது தெரியாதென்றால் நல்ல குரல் எதுவோ அது. முதல் இரண்டு மூன்று மாதம் ஒரே குரலோடு இருங்கள், அது போதும்.

வேறுபாடுகளில் காதைக் குழப்புபவை சில. அமெரிக்கர் 'வாட்டர்', 'பெட்டர்' என்பவற்றை நம் 'வாடர்', 'பெடர்' போல ஒற்றை டகரமாகத் தட்டிவிடுவார்கள். தென் இங்கிலாந்து உச்சரிப்பில் 'கார்' வெறும் 'கா'. ஆனால் அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் காணாமல்போன 'ர்' திரும்பி வந்துவிடும், 'ஃபாரவே' என்பதைப்போல.

அதிகம் பேர் ஏமாறுவது 'கேன்', 'கான்ட்' விஷயத்தில். கதையில் ஒருவன் 'முடியும்' என்றானா 'முடியாது' என்றானா என்பதே தலைகீழாகிவிடும். அமெரிக்கப் பேச்சில் 'கேன்ட்' என்பதன் கடைசி 'ட்' பெரும்பாலும் வெளியே வராது. அதைத் தேடிக்கொண்டிருந்தால் தோற்பீர்கள். உயிரைக் கேளுங்கள். முடியும் என்பது மங்கி 'கன்' என்று ஓடும், அழுத்தம் அடுத்த வினையில் விழும்: 'ஐ கன் கோ'. முடியாது என்பதில் 'கேன்' முழுசாக, அழுத்தமாக நிற்கும். பிரிட்டிஷாருடையது 'கன்', 'கான்ட்' என்று உயிரே வேறாக இருப்பதால் அங்கே சிரமமில்லை.

கேள்வி: கேட்டுக்கொண்டே கூடவே சொல்லும் 'ஷாடோயிங்' பயிற்சியை எப்படிச் செய்வது? எனக்கு வாய் குழறுகிறது.

பதில்: நீளமாக எடுத்திருப்பீர்கள், அல்லது புரியாத பகுதியை எடுத்திருப்பீர்கள். இருபது முதல் முப்பது விநாடி, அதுவும் முழுக்கப் புரிந்த பகுதி. முதலில் உரையைப் பார்த்தபடி இரண்டு முறை, பிறகு பார்க்காமல் மூன்று முறை. வாசிப்பவருக்கு அரை விநாடி பின்னால் நிழல்போல வாருங்கள். தடுக்கினால் விட்டதைத் துரத்தாதீர்கள், அடுத்த சொல்லில் ஏறிக்கொள்ளுங்கள். கடைசி முறையைக் கைப்பேசியில் பதிவுசெய்து, மூலத்தோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். இந்தக் கடைசி வேலை யாருக்கும் பிடிக்காது. ஆனால் பலன் இதில்தான்.

ஒப்பிடும்போது எதைக் கவனிப்பது? நமக்கு வரும் தவறுகள் ஏறக்குறைய தெரிந்தவையே. மெய்யில் முடியும் சொல்லுக்கு உகரம் ஒட்டுவது: 'பஸ்ஸு', 'புக்கு'. 'ஃப' ஒலி பகரமாவது. 'ஸூ' என்னும் மிருகக்காட்சிச்சாலையின் அதிர்வொலி சகரமாகிவிடுவது. 'கேட்' என்னும் பூனையின் உயிர் தமிழில் இல்லாதது. அதை ஏகாரமாகவே சொல்லிவிடுவோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தப் பார்க்காமல் வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கதை வாசிப்பில் இறந்தகால வினை வந்துகொண்டே இருக்கும் என்பதால் அதையும் சொல்லவேண்டும். எழுத்தில் ஒரே மாதிரி முடிந்தாலும் ஒலி மூன்று: 'வாக்ட்' என்பதில் வல்லொலி, 'ஓப்பன்ட்' என்பதில் அதிர்வோடு மெல்லிய ஒலி, 'வான்டிட்' என்பதில் மட்டும் தனி அசை. எல்லாவற்றுக்கும் 'வாக்கெட்' என்று அசை சேர்ப்பவர்கள் காதிலும் அந்த அசையையே எதிர்பார்ப்பார்கள். அது வராது. 'வாக்ட் டு' என்று அடுத்தும் டகரம் வந்தால் இரண்டும் ஒன்றாகி நிகழ்காலம் போலவே கேட்கும். அங்கே காலத்தைக் கதையின் போக்கிலிருந்துதான் எடுக்கவேண்டும். அந்த மொழிக்காரர்களும் அப்படித்தான் எடுக்கிறார்கள்.

கேள்வி: கைப்பேசியே உரையை வாசித்துக் காட்டுகிறதே, அது போதாதா?

பதில்: ஒற்றைச் சொல்லின் உச்சரிப்புக்குப் போதும். கதைக்குப் போதாது. கோபம், கிண்டல், தயக்கம், யார் பேசுகிறார் என்பதையெல்லாம் நல்ல வாசிப்பாளர் குரலிலேயே காட்டிவிடுவார். அதைப் பிடித்துக்கொண்டுதான் தெரியாத சொல்லைத் தாண்டிப்போகிறோம். இயந்திரக் குரல் முன்பைவிடத் தேறியிருந்தாலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு உச்சரிப்பு உள்ள சொற்களில் இன்னமும் சறுக்கும். 'படி' என்பதும் 'படித்தான்' என்பதும் ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்றுபோல, சொல்வது 'ரீட்', 'ரெட்'.

கேள்வி: என் எட்டு வயது மகளுக்கு நானே வாசித்துக் காட்டலாமா? என் உச்சரிப்பு அவ்வளவு நன்றாக இராது.

பதில்: வாசியுங்கள். முதல் நாள் ஒலிப்பதிவைப் படத்தோடு இருவரும் சேர்ந்து கேளுங்கள், மறுநாள் நீங்கள் வாசியுங்கள். உச்சரிப்புக்குப் பதிவு இருக்கிறது. இந்த இடத்தில் என்ன ஆகும் என்று நிறுத்திக் கேட்கவும், அவள் சிரிக்கும் பக்கத்தைத் திருப்பவும் நீங்கள் இருக்கிறீர்கள். வரிக்கு வரி தமிழில் சொல்லவேண்டாம்; தமிழ் வரும் என்று தெரிந்தால் பிள்ளை ஆங்கிலத்தைக் கேட்காமல் அதற்காகக் காத்திருக்கும். அர்த்தம் கேட்டால் படத்தைக் காட்டுங்கள், படத்தில் இல்லையென்றால் ஒரு சொல்லில் சொல்லிவிட்டு நகருங்கள். முடிந்ததும் பரீட்சை வைக்காதீர்கள். அதே கதையைப் பத்தாவது தடவை கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள், அவளுக்கு அலுக்கவில்லையே.

கேள்வி: ஒவ்வொரு கதைக்கும் எத்தனை சொல் எழுதிவைப்பது? கதை கேட்டால் பேச்சும் வந்துவிடுமா?

பதில்: ஐந்து. முப்பது எழுதினால் நோட்டுதான் நிரம்பும். தனிச்சொல்லாக எழுதாமல் கதையில் வந்த கோவையாகவே எழுதுங்கள்: 'அழுகை' என்று எழுதுவதைவிட 'பர்ஸ்ட் இன்டு டியர்ஸ்', அதாவது பொலபொலவென்று அழுதுவிட்டாள் என்று எழுதினால் பயன் அதிகம். அந்தக் கோவை வந்த இடத்தின் நேரத்தையும் பக்கத்தில் குறித்துவைத்தால், மறந்தபோது அகராதிக்குப் போகாமல் அந்தக் குரலுக்கே திரும்பிப் போகலாம்.

பேச்சு தானாக வராது. கதை ஆங்கிலத்தில் 'முணுமுணுத்தான்', 'தலையசைத்தாள்' வகை வினைகள் அதிகம். 'நாளைக்கு வர முடியுமா' என்று கேட்பது குறைவு. உரையாடல் மிகுந்த கதைகளாக எடுத்தால் இந்தக் குறை கொஞ்சம் தீரும். கேட்டு முடித்ததும் கடிகாரத்தைப் பார்த்து ஒரே ஒரு நிமிடம், அந்தக் கதையை உங்கள் ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லுங்கள். திக்கிய இடத்தை மறுபடி கேட்டால், வாசிப்பவர் அதை எப்படிச் சொல்லியிருக்கிறார் என்பது இப்போது காதில் தனியாகத் தெரியும். பிறகு இன்னொரு நிமிடம் சொல்லுங்கள்.

கேள்வி: மூன்று மாதமாகக் கேட்கிறேன். முன்னேறுகிறேனா இல்லையா என்றே தெரியவில்லை.

பதில்: ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கடினமான கதைக்குப் போயிருப்பீர்கள். அப்படியானால் தெரியாதுதான், அளவுகோலையே மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரே வாசிப்பாளர் வாசித்த ஒரே நூலில், இதுவரை கேட்காத இரண்டு இடங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள், ஒவ்வொன்றும் நூறு சொல். முதலாவதை இன்று வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, வாக்கியத்துக்கு மூன்று தடவைக்கு மேல் கேட்காமல், எழுதுங்கள். உரையோடு ஒப்பிட்டுத் தவறுகளை இரண்டு கணக்காக எண்ணுங்கள்: பெயர், வினை போன்ற கனமான சொற்கள் ஒரு பக்கம், 'ஆஃப்', 'டு', 'ஹேட்', 'த' போன்ற சில்லறைச் சொற்கள் இன்னொரு பக்கம். தாளை மடித்து வைத்துவிட்டு, ஆறு வாரம் கழித்து இரண்டாவது இடத்தை அதேபோல் எழுதுங்கள்.

பெரும்பாலும் கனமான சொற்களின் கணக்குதான் முதலில் குறையும். சில்லறை வெகுநாள் அடம்பிடிக்கும். கதை புரிந்து, சில்லறை மட்டும் தவறுகிறது என்றால் நீங்கள் நின்ற இடத்தில் நிற்கவில்லை. இரண்டு கணக்கும் அசையவில்லையென்றால் பழைய தாள்களை எடுத்து 'பு', 'கா', 'நீ' குறிகளைக் கூட்டிப் பாருங்கள்.